பேறுகால வீட்டில் துணைப் பெண்

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது நம்மவர்களின் வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணை அழைத்து வந்து விடுவார்கள். அங்கே உம்மா இருப்பாள், உம்மம்மா இருப்பாள், அக்கம்பக்கத்து மாமிமார்கள் இருப்பார்கள். பச்சை உடம்புக்காரியைத் தரையில் கால் வைக்க விடாமல் நாற்பது நாளும் கவனித்துக் கொள்வார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பதால், எத்தனையாவது பேறு என்றாலும் இந்தத் துணைக்குக் குறைவில்லை.

மற்ற ஊர்களில் சங்கடம் இரண்டாவது பேற்றில்தான் தொடங்குகிறது. மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் தாய்வீடு போக முடிவதில்லை. உம்மாவுக்கு வயதாகியிருக்கும், அல்லது இன்னொரு மகளின் பேற்றுக்குப் போயிருப்பாள். மாமி ஊரில், மருமகள் சென்னையில் ஒரு மூன்றாம் மாடியில், கணவரோ வளைகுடாவில். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கையில் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே யாருமில்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்தது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த ஆறாம் நாள், மூத்த பிள்ளைக்குத் தோசை சுட அந்தச் சகோதரி அடுப்படியில் நின்றாள். தண்ணீர்க் குடத்தையும் தூக்கினாள். தையல் விட்டுப்போய் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. ரியாத்திலிருந்து கணவர் தொலைபேசியில், “ஏன் யாரிடமும் சொல்லவில்லை?” என்று கேட்டாராம். “யாரிடம் சொல்ல?” என்றாளாம் அவள். அந்தக் குடும்பம் வசதியற்றதன்று. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விருந்துக்கு இருநூறு பேருக்குப் பிரியாணி சொல்லியிருந்தார்கள். நாற்பது நாளைக்கு ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தலாமே என்று ஒருவர் சொன்னபோது மட்டும், “அது எதற்கு வீண் செலவு? நாங்களெல்லாம் பெறவில்லையா?” என்று பதில் வந்ததாம்.

இது வீண் செலவுதானா? மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? துணைக்கு வரும் பெண் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது? நாம் இம்மாதம் பார்க்கப்போவது இவற்றைத்தான்.

புதிய பெயர், பழைய வேலை

பிள்ளை பெற்றவளுக்கு வீட்டிலேயே துணையிருக்கும் பெண்ணை இப்போது பெருநகரங்களில் ‘டூலா’ என்று அழைக்கிறார்கள். கிரேக்க மொழியில் பணிப்பெண் என்று பொருள்படும் பழஞ்சொல் அது. டானா ரஃபேல் என்ற மானிடவியல் ஆய்வாளர், பாலூட்டுதலைப் பற்றி 1973-ல் வெளியிட்ட நூலில் இச்சொல்லைப் புதிய பொருளில் எடுத்தாண்டார். பாலூட்டும் தாய்க்கு மருந்தும் உபதேசமும் மட்டும் போதா. அவளையே தாய்போலக் கவனிக்கும் ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. பிரசவ நேரத்தில் துணை நிற்பவரையும் இன்று அதே பெயரால் அழைப்பதுண்டு. நாம் இங்கே பேசுவது பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கு வருபவரைப் பற்றி.

நெதர்லாந்து நாட்டில் இது தனிப்பட்டவர்களின் வசதியைப் பொறுத்த காரியமாக விடப்படவில்லை. பிள்ளை பிறந்ததும் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் சுமார் எட்டு நாட்களுக்கு வீட்டுக்கே வந்து, தினமும் சில மணி நேரம் தாயையும் பிள்ளையையும் கவனித்து, பாலூட்டக் கற்றுக்கொடுத்து, சில்லறை வீட்டு வேலையும் செய்துவிட்டுப் போகிறார். எல்லோருக்கும் பொதுவான மருத்துவக் காப்பீட்டிலேயே இது அடங்கும். மணிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கை மட்டும் குடும்பம் கொடுக்கிறது. அந்நாட்டில் இது பணக்காரர்களின் ஆடம்பரமாகக் கருதப்படுவதில்லை.

நம் ஊரிலும் இந்த வேலை இருந்தது. மருத்துவச்சி என்றும், பிள்ளை குளிப்பாட்டுகிறவள் என்றும் அவளுக்குப் பெயர். வேது வெந்நீர் போட்டு, வயிற்றைத் துணியால் கட்டி, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து மருந்து கிளறி, சுறாப்புட்டு செய்து கொடுத்துவிட்டுப் போவாள். பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபின் அவளும் வீடுகளிலிருந்து மறைந்தாள். ஆஸ்பத்திரி பேற்றைப் பார்த்துக்கொண்டது. அது நல்லதே, அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. பேற்றுக்குப் பின்வரும் நாற்பது நாட்களை ஆஸ்பத்திரி ஏற்கவில்லை. அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த துணை

திருமறையில் பிள்ளைப்பேற்றைப் பற்றி விரிவாக வரும் இடம் 19-ஆம் அத்தியாயமான ஸூரத்து மர்யம். அதன் 23 முதல் 26 வரையுள்ள வசனங்களை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். பிள்ளை பெற்றவளின் தேவை எது என்ற கண்ணோடு ஒருமுறை அவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வேதனை அவர்களை ஒரு பேரீத்த மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்க்கிறது. துணைக்கு ஒருவருமில்லை. இதற்கு முன்பே நான் இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் சொல்கிறார்கள். ஈமானில் அவர்களுக்கு நிகரான பெண் யார்? அத்தகையவரின் வாயிலிருந்தே அந்த நேரத்தில் அச்சொல் வந்தது. அல்லாஹ் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. பிள்ளை பெற்ற ஒரு பெண் வாய்விட்டு அழுதால், “பொறுமையில்லாதவள், நன்றி கெட்டவள்” என்று ஏசும் மாமியார்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

பிறகு அவர்களுக்கு என்ன கிடைத்தது? முதலில் ஆறுதல்: கவலைப்பட வேண்டாம் என்ற குரல். அடுத்துக் காலடியில் ஓடும் தண்ணீர். அடுத்து உணவு, அதுவும் கைக்கெட்டிய தூரத்தில் உதிரும் கனிந்த பேரீத்தம் பழம். உண்ணவும் பருகவும் கண் குளிரவும் சொல்லப்பட்டது. நாலாவதாக ஒன்று உண்டு. அதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மனிதர்கள் யாரையாவது கண்டால், இன்று நான் யாரோடும் பேசுவதில்லை என்று நேர்ந்திருப்பதாகத் தெரிவித்து விடும்படி கட்டளையாயிற்று. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லும் பாரம் அவர்கள் தலையிலிருந்து இறக்கப்பட்டது. பேசாநோன்பு நம் ஷரீஅத்தில் இல்லை. ஆனால் அதில் அந்தத் தாய்க்குக் கிடைத்த ஓய்வை நாம் புரிந்துகொள்ளலாம்.

ஆறுதல், தண்ணீர், உணவு, ஊர்ப் பேச்சிலிருந்து விடுதலை. வீட்டுக்கு வரும் துணைப் பெண்ணின் வேலை இந்த நான்கும்தான். இதற்கு மேல் அவள் செய்வதெல்லாம் உபரி.

நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும் என்று தாகத்தோடு வைக்கிறார்கள். பத்தியம் என்று பருப்பையும் கீரையையும் மீனையும் நிறுத்தி, வெறும் ரசச் சோறு போடுகிறார்கள். பாலூட்டுகிறவளுக்கு முன்னைவிட அதிகமாகத் தண்ணீரும் உணவும் வேண்டும். பூண்டு, முருங்கைக் கீரை, சுறாப்புட்டு எல்லாம் நல்ல உணவுதான், தாராளமாகக் கொடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. பேற்றுக்குப் பின்னும் 180 நாட்களுக்கு அதைச் சாப்பிட வேண்டும் என்பது அரசின் மருத்துவத் திட்டம்.

விருந்தாளிகளின் சங்கதி இன்னும் மோசம். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் அரை நாள் உட்கார்ந்து, தேநீர் குடித்து, “பிள்ளை ஏன் இவ்வளவு கறுப்பு? பால் இருக்கிறதா? மூத்தது பெண், இதுவும் பெண்ணா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். வாசலிலேயே நின்று, “இப்போதுதான் கண் அசந்தாள், ஸலாம் சொன்னீர்களென்று சொல்கிறேன்” என்று இன்முகத்தோடு திருப்பி அனுப்பத் தெரிந்த ஒரு பெண், சமைக்கத் தெரிந்த நாலு பேருக்குச் சமம்.

செலவு யாருடையது?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் நடந்ததாக வரலாற்று நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. இரவில் நகரைச் சுற்றி வருகையில் மதீனாவுக்கு வெளியே ஒரு கூடாரத்தைக் கண்டார்கள். உள்ளே ஒரு பெண் வேதனையில் முனகுகிறாள். வெளியே கணவன் செய்வதறியாது உட்கார்ந்திருக்கிறான். உதவிக்குப் பெண் யாரும் இல்லை. கலீஃபா அவர்கள் வீட்டுக்கு விரைந்து தம் மனைவி உம்மு குல்ஸூம் (ரலி) அவர்களை அழைத்து வந்தார்கள். மாவையும் நெய்யையும் தாமே சுமந்து வந்தார்கள். மனைவியார் உள்ளே சென்று அந்தப் பெண்ணைக் கவனிக்க, கலீஃபா அவர்கள் வெளியே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். பிள்ளை பிறந்த செய்தியை அறிவிக்கும்போது உள்ளிருந்து “அமீருல் முஃமினீன்” என்று அழைத்த குரலைக் கேட்டபின்தான், பக்கத்தில் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவர் யார் என்று அந்த மனிதனுக்குத் தெரிந்ததாம். சமைத்ததைப் பெண்ணுக்கு ஊட்டச் செய்து, மீதியை அவனுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

உள்ளே பெண்ணுக்குப் பெண் துணை. வெளியே அடுப்படி ஆணுக்கு. இந்தப் பங்கீட்டை நம் ஆண்கள் மறந்து நெடுங்காலமாகிறது.

சட்டத்துக்கு வருவோம். திருமறையின் 2-ஆம் அத்தியாயம் 233-ஆம் வசனம், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்மாருக்கு முறையாக உணவும் உடையும் அளிப்பது தந்தையின் பொறுப்பு என்று வைக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் ஆதார நூலான ‘மின்ஹாஜ்’ஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், நோயினால் ஒரு மனைவிக்குப் பணிவிடை தேவைப்பட்டால் அவளுக்குப் பணியாள் அமர்த்திக் கொடுப்பது கணவன்மீது வாஜிபு என்கிறார்கள். அவள் பிறந்த வீட்டில் வேலைக்காரி வைத்துப் பழகியவளா இல்லையா என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. நோயாளியாக இருப்பதே போதும். கீறிப் பிள்ளை எடுக்கப்பட்டு, எழுந்து நடக்க முடியாமல் கிடப்பவள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறாள் என்று நமக்குத் தோன்றவில்லை. ஹனஃபி நூல்களில் மருத்துவச்சியின் கூலி, அவளை அழைத்தவர்மீது சாரும் என்று காணப்படுகிறது. கணவன் அழைத்தால் கணவன்மீது. ஆக, “உன் உம்மா வீட்டிலிருந்து யாரையாவது வரவழைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவது ஆண்மக்களுக்கு அழகல்ல.

உம்மாவோ ராத்தாவோ மனமுவந்து வந்து தங்கினால் அது அவர்கள் செய்யும் உபகாரம். அதை உரிமையாகக் கேட்டு வாங்குவதும், வராவிட்டால் பெண்ணைக் குத்திக் காட்டுவதும் கூடாது. உம்மாவே வந்திருந்தாலும், அறுபது வயதுக்காரியைக் கொண்டு இராக்கண் விழிக்க வைத்து, துணியும் துவைக்க வைப்பது நியாயமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

விருந்தைச் சுருக்கி, அந்தப் பணத்தில் ஒரு பெண்ணை அமர்த்துங்கள் என்றே நாம் சொல்வோம். இருநூறு பேர் சாப்பிடுவது ஸுன்னத்தும் அல்ல, ஃபர்ளும் அல்ல.

கூலியும் மரியாதையும்

பேச்சில்லாமல் வேலைக்கு வைத்து, “நாற்பது முடியட்டும், மனசுபோலச் செய்கிறோம்” என்பது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். கூலி இன்னதென்று தெரியாத அமர்த்தல் ஃபிக்ஹு சட்டப்படி சீரான ஒப்பந்தமல்ல. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், இரவு தங்குவதா இல்லையா, துணி துவைப்பதும் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் சேர்த்தியா, தொகை எவ்வளவு என்பதை எட்டாம் மாதமே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை நாம் மிம்பரில் கேட்கிறோம். வீட்டு வேலைக்காரியின் விஷயத்தில் மட்டும் மறந்து விடுகிறோம். பழைய புடவையும் மீந்த சோறும் கூலியில் சேரா.

மரியாதையும் அவ்வாறே. பெருமானாரைச் சிறு வயதில் பராமரித்த உம்மு அய்மன் (ரலி) அவர்கள் அடிமையாக இருந்தவர்கள். அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடைசிவரை தாயைப்போல மதித்தார்கள். சென்று பார்த்து வருவார்கள். பெருமானாரின் மறைவுக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களும் அந்த வழக்கத்தை விடாமல் அவர்களைச் சென்று கண்டதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பிள்ளையைக் கழுவிக் குளிப்பாட்டியவளை நாற்பதாம் நாளோடு மறந்து, திருமணப் பந்தலில் வாசலில் நிற்க வைக்கும் நாம் இதை என்ன சொல்லி ஏற்போம்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துணைப் பெண் வீட்டின் ஆண்களுக்கு அந்நியப் பெண். பெற்றவள் தனியறையில் கிடக்க, கணவனும் அந்தப் பெண்ணும் மட்டும் இன்னோர் அறையில் தனித்திருக்கும் நிலை வரக்கூடாது. இரவு தங்குபவளாயின் அவளுக்குப் படுக்கை தாயின் அறையிலேயே இருக்கட்டும். பேறுகாலத்தில் அதுவே வசதியும் கூட.

பெற்றவளின் உடம்பை அவள் எவ்வளவு காணலாம் என்றும் கேட்கிறார்கள். பெண்ணுக்குப் பெண் தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைக்க வேண்டும். பிரசவித்தவள்தானே என்று வெட்கத்தைக் களைந்து உட்கார வைத்து வெந்நீர் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டே குளிக்கலாம். தானே கழுவ முடிந்ததைத் தானே கழுவட்டும். தையலைப் பார்ப்பது போன்ற அவசியம் ஏற்பட்டால், அவசியமான அளவுக்கு மட்டும் அனுமதி உண்டு. நம் பெண்கள் பலர் இந்த வெட்கத்துக்குப் பயந்தே ஆள் வேண்டாம் என்று விடுகிறார்கள். முறை தெரிந்தால் அந்தப் பயம் தேவையில்லை.

தீட்டு என்பது நம்முடையதல்ல

பிள்ளை பெற்றவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், அவள் தொட்ட பாத்திரத்தைத் தொடலாகாது, அவள் இருக்கும் அறையில் குர்ஆன் ஓதலாகாது என்பதெல்லாம் சுற்றுப்புறத்திலிருந்து ஒட்டிக்கொண்டவை. மாதவிடாய்க் காலத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் குடித்த பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துப் பெருமானார் (ஸல்) அவர்கள் பருகியிருக்கிறார்கள்; அவர்கள் மடியில் சாய்ந்தபடியே குர்ஆன் ஓதியிருக்கிறார்கள். பேற்றுத் தொடக்கிற்கும் இதில் வேறுபாடில்லை. கணவன் மனைவி உறவு மட்டும், இரத்தம் நின்று குளிக்கும் வரை ஹராம். கடைசி ஹஜ்ஜுப் பயணத்தில் துல்ஹுலைஃபாவில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. குளித்து, துணி கட்டிக்கொண்டு, இஹ்ராம் அணியும்படி பெருமானார் சொன்னார்கள்.

துணைப் பெண்ணும் வீட்டாரும் அவசியம் அறிய வேண்டிய சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. இதில்தான் நம் பெண்களின் எத்தனையோ தொழுகைகள் வீணாகின்றன. நாற்பது நாள் என்பது எல்லோரும் இருந்தே தீரவேண்டிய கெடு அல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் நிஃபாஸ் பெரும்பாலும் 40 நாள், அதிகபட்சம் 60 நாள். ஹனஃபியில் அதிகபட்சமே 40 நாள். குறைந்த அளவுக்கு இரு மத்ஹபுகளிலும் நாள் கணக்கு வைக்கப்படவில்லை. பன்னிரண்டாம் நாளே இரத்தம் முற்றிலும் நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழுகையைத் தொடங்க வேண்டும். “நாப்பது குளிக்கவில்லையே, எப்படித் தொழுவாள்?” என்று தடுப்பவர்கள் ஃபர்ளைத் தடுக்கிறார்கள். மீண்டும் இரத்தம் கண்டால் அப்போது நிறுத்திக்கொள்ளட்டும். ஷாஃபிஈயினர் 60-ஐத் தாண்டியும், ஹனஃபியினர் 40-ஐத் தாண்டியும் இரத்தம் காண்பார்களாயின், தொழுகையை விட்டுவிட்டு உட்கார்ந்திராமல் உலமாக்களிடம் சட்டத்தையும் மருத்துவரிடம் காரணத்தையும் கேட்க வேண்டும்.

கீறி எடுத்த பேற்றுக்கும் சட்டம் இதுவே. காயத்தில் நீர் படக்கூடாதென்று மருத்துவர் தடுத்தால், மற்ற இடங்களைக் கழுவி அந்த இடத்துக்காகத் தயம்மும் செய்துகொள்ளும் சலுகை உண்டு. நிஃபாஸ் நாட்களின் தொழுகைக்குக் களா இல்லை. விட்ட ரமளான் நோன்புக்குக் களா உண்டு.

பால் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை

துணைக்கு வருகிறவளுக்கும் கைப்பிள்ளை இருக்கலாம். தாய் தூங்கும்போது பிள்ளை அழுதால் இரக்கப்பட்டுத் தன் பாலைக் கொடுத்து விடுவாள். அது நல்ல மனம்தான். ஆனால் ஷாஃபிஈயில் ஐந்து முறை வயிறாரக் குடித்தாலும், ஹனஃபியில் ஒருமுறை குடித்தாலுமே அவள் பால்தாயாகி விடுகிறாள். அவளுடைய மக்களெல்லாம் இந்தப் பிள்ளைக்கு உடன்பிறப்புகளாகி, திருமணம் ஹராமாகி விடுகிறது. ஆகவே தாய் தந்தையர் அனுமதியின்றி அவ்வாறு கொடுக்க வேண்டாமென்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கொடுக்க நேர்ந்தால், பெயர், ஊர், நாள், எத்தனை முறை என்பதைக் குடும்பக் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். இருபது வருடத்துக்குப் பின் பெண் பேசும்போது அது தேவைப்படும்.

சீம்பாலைக் கறந்து கொட்டுகிறார்கள் இன்னும் சிலர். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதையே ஊட்ட வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தஹ்னீக் செய்வோர் கையைச் சுத்தமாகக் கழுவி, மென்று குழைத்த பேரீத்தம் பழத்தை அண்ணத்தில் மிகச் சிறிதளவு தடவுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும். வாயில் நோய் உள்ளவர் செய்ய வேண்டாம். தேனை ஒரு வயதுக்கு முன் கொடுப்பதில் அபாயமுண்டு.

பிள்ளை குளிப்பாட்டும் சில பெண்கள் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவார்கள். வாயில் விரலை விட்டுச் சளி எடுப்பார்கள். சாம்பிராணிப் புகையை முகத்துக்கு நேரே காட்டுவார்கள். இவை வேண்டாம். கைதேர்ந்தவளாயினும் துணைப் பெண் மருத்துவர் அல்லள். மருந்து எழுதுவதும் நோய்க்குப் பெயர் சொல்லுவதும் அவள் வேலையல்ல. ஆபத்தைக் கண்டவுடன் சொல்லத் தெரிந்திருப்பதே அவள் வேலை. ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுதும் நனையும்படி இரத்தம் போவது, காய்ச்சல், துர்நாற்றம், கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல். பிள்ளைக்கானால் பால் குடிக்காமல் துவள்வது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, மூச்சு வாங்குவது, உள்ளங்கால் வரை மஞ்சள் பாய்வது. இவற்றில் எதைக் கண்டாலும் மாமியின் கைவைத்தியத்துக்குக் காத்திராமல் 108-க்குச் சொல்ல வேண்டும். அரசுத் திட்டப்படி, ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க சுகாதார ஊழியர் கடமைப்பட்டிருக்கிறார். வந்தவரை வாசலோடு அனுப்பாமல் உள்ளே அழையுங்கள்.

அழுகிற தாய்

கடைசியாக, நாம் அதிகம் பேசாத ஒன்று. பெற்ற மூன்றாம் நாள் முதல் காரணமின்றி அழுகை வருவது மிகப் பலருக்கு உண்டு; இரண்டு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். தணியாமல், உறக்கமற்று, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல், “நான் செத்தால் நல்லது” என்று சொல்லத் தொடங்கினால் அது நோய். பிள்ளை பெற்ற பெண்களில் உலக அளவில் சுமார் 13 சதவீதத்தினரும், வளரும் நாடுகளில் சுமார் 20 சதவீதத்தினரும் இத்தகைய மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐந்தில் ஒருத்தி என்றால் நம் தெருவிலேயே எத்தனை பேர்! ஜின் பிடித்தது, கண்ணேறு பட்டது என்று தாயத்துக்கு அலைந்து நாளைக் கடத்துகிறார்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஓதுவதோடு மருத்துவரிடமும் அழைத்துப் போக வேண்டும். பிள்ளையையோ தன்னையோ ஏதாவது செய்துவிடுவேன் என்ற பேச்சோ, இல்லாத குரல் கேட்பதோ இருந்தால் ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது; அன்றே ஆஸ்பத்திரி.

இதை முதலில் கண்டுபிடிப்பவள் பெரும்பாலும் துணைப் பெண்தான். கணவரிடம் சொல்ல முடியாததை, மாமியிடம் சொல்லக் கூடாததை, நடுச்சாமத்தில் பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் தாய் சொல்லிவிடுவாள். அதை ஊரெல்லாம் பரப்பாதவளாகவும், ஆபத்தானதை மறைக்காதவளாகவும் பார்த்து அமர்த்த வேண்டும். சமையல் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்கள், மாதப் பணத்தோடு சேர்க்காமல், துணைப் பெண்ணின் கூலியைத் தனியாக, பேற்றுக்கு முன்பே மனைவியின் கையில் சேர்த்து விடட்டும். உம்மாவிடமும் வாப்பாவிடமும் இன்ன காரியத்துக்கு என்று தாமே சொல்லி விடட்டும். கேட்டு வாங்கும் சங்கடம் மருமகளுக்கு வேண்டாம்.

ஏழாம் நாள் அகீகா கொடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஆட்டின் வலது தொடையைச் சமைக்காமல் பச்சையாகவே மருத்துவச்சிக்குக் கொடுப்பது ஸுன்னத்து என்று ஷாஃபிஈ நூல்களில் இருக்கிறது. ஹஸன் (ரலி) அவர்களின் அகீகாவில் மருத்துவச்சிக்கு ஒரு தொடையை அனுப்பிவைக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் அறிவிப்பை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பேற்றை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஆட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நாற்பது நாளும் உங்கள் வீட்டில் கண் விழிப்பவளுக்கு அதைக் கொடுக்கலாம் என்பது நம் கருத்து. கூலியில் அதைக் கழித்துவிட வேண்டாம்.